காற்றிடம் வேலை வாங்குவது

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் எஞ்சினுக்குள் சுழலும் முக்கிய உறுப்புகள் மூன்றே மூன்று. முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள், அவை சேர்ந்து சுழற்றும் ஒரு தண்டு. பிஸ்டன் கிடையாது, கனெக்டிங் ராடு கிடையாது, மேலும் கீழும் குதிக்கும் வால்வு ஒன்றுகூடக் கிடையாது. ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெலின் மனத்தில் உதித்த இந்த ரோட்டரி எஞ்சின் 1957இல் என்.எஸ்.யூ. நிறுவனத்தில் முதன்முதலாக ஓடியது. ஹிரோஷிமாவில் மாஸ்டா பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவின் குழு அதோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற காரில் பொருத்தி விற்பனைக்கு விட்டது. உறுப்புகள் குறைவு, அதிர்வு குறைவு, எடை குறைவு. இந்த எளிமையைச் சொல்லித்தான் மாஸ்டா அதை விற்றது.

1991 இறுதியில் ஜப்பானில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இன் பானெட்டைத் திறந்து, எஞ்சின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிப் பாருங்கள். எளிமை அங்கே முடிந்துவிடும். அடியில் அடுக்கி வைத்த சோலினாய்டு வால்வுகள், இரண்டு சிறு கலன்கள், ஆங்காங்கே ஒருவழி வால்வுகள், இவை அனைத்தையும் பின்னிக்கொண்டு எழுபதுக்கு நெருக்கமான ரப்பர் குழாய்கள். பெரும்பாலானவற்றின் உள்விட்டம் 4 மில்லிமீட்டர் அளவுதான். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் இதற்கு எலிக்கூடு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். முப்பது வயதான கார் ஒன்றில் அந்தக் குழாயைத் தொட்டால் ரப்பர் போலவே இராது. வளைத்தால் ஒடியும்.

அந்தக் குழாய்களை நாமே மாற்றுவதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள். குழாய்க்கு ஆகும் செலவு சொற்பம். பட்டறையில் கொடுப்பதில் பெரும்பகுதி கூலிதான். கூலியை மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எந்தக் குழாய் எதற்கு என்று தெரிந்துகொண்டு மாற்றுகிறவர் மட்டுமே பிறகு ஒரு கோளாறு வரும்போது எங்கே தேடுவது என்று அறிவார். என் கட்சி இதுதான்: மின்சாரம் பாயவேண்டிய இடத்தில் காற்றழுத்தத்தைப் பாயவிட்டுக் கட்டிய ஒரு கட்டுப்பாட்டுக் கருவி இது. முதலில் அதைப் படிக்க வேண்டும். ஸ்பேனர் பிறகு.

பெட்ரோல் எஞ்சின் ஓயாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், த்ராட்டில் தகடு காற்று வரும் வழியை ஏறக்குறைய அடைத்துவிடும். எஞ்சின் உறிஞ்சுவதை நிறுத்தாது. காற்று வருவதோ குறைவு. ஆகவே தகட்டுக்கு அப்பால், மேனிஃபோல்டுக்குள், அழுத்தம் வெளியில் இருப்பதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் வேக்குவம் என்கிறார்கள். முழுமையான வெற்றிடம் இல்லை. அழுத்தம் குறைந்த இடம், அவ்வளவே. இதை உணர எந்த ஆர்எக்ஸ்-7ம் வேண்டாம். வீட்டில் நிற்கும் பெட்ரோல் காரின் எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை இரண்டு மூன்று முறை மிதியுங்கள். பெடல் கல்லாக இறுகும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருந்த வேக்குவம் தீர்ந்துவிட்டது என்று பொருள். மிதித்தபடியே எஞ்சினைக் கிளப்பினால் பெடல் மெல்லக் கீழே இறங்கும். டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் த்ராட்டிலைப் பெட்ரோல் எஞ்சின்போலப் பயன்படுத்துவதில்லை என்பதால், அதற்கென்று தனி வேக்குவம் பம்ப் வைக்கவேண்டியிருக்கிறது.

வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. மறுபக்கம் இருக்கும் வளிமண்டலம்தான் தள்ளுகிறது. 1657இல் மாக்டபர்க் நகரில் ஓட்டோ ஃபான் கெரிக்கே இரண்டு செப்பு அரைக்கோளங்களை ஒட்டவைத்து, உள்ளிருந்த காற்றை பம்பால் வெளியேற்றி, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் சொல்லி இதைத்தான் ஊருக்குக் காட்டினார். காருக்குள் அந்த வித்தையின் கணக்கு எளிது. ஒரு சிறிய தகரக் கிண்ணத்துக்குள் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரப்பர் டயாஃப்ரம் ஒன்று இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். ஒரு பக்கம் வளிமண்டல அழுத்தம், மறுபக்கம் அதில் பாதி என்றால், டயாஃப்ரத்தின் மேல் விழும் விசை சுமார் 10 கிலோ எடைக்குச் சமம். ஒரு கம்பியை நகர்த்தவும், அந்தக் கம்பியின் முனையிலிருக்கும் வால்வைத் திருப்பவும் இது தாராளம். இந்தக் கிண்ணம், டயாஃப்ரம், கம்பி மூன்றும் சேர்ந்ததுதான் ஆக்சுவேட்டர்.

மின்மோட்டார் வைத்திருக்கக் கூடாதா? இன்றைய கார்களில் அப்படித்தான் வைக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. டர்போவின் வால்வுகளைத் தொட்டுச் செல்லும் புகை, முழுச் சுமையில் 900 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்த அடுப்பங்கரையில் செம்புச் சுருளும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் எத்தனை நாள் தாங்கும்? டயாஃப்ரக் கிண்ணமோ ஒரு தகரச் சட்டத்தில் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். நீளமான கம்பி மட்டும் சூட்டுக்குள் கை நீட்டும். கட்டளையிடும் கணிப்பொறி காருக்குள், பயணிகளின் பக்கம். அது மின்துடிப்பை சோலினாய்டுக்கு அனுப்பும். சோலினாய்டு ஒரு குழாயைத் திறந்து மற்றொன்றை மூடும். குழாய்க்குள் அழுத்தம் மாறும், டயாஃப்ரம் அசையும். அழுத்தமாற்றம் குழாய்க்குள் ஒலியின் வேகத்தில், நொடிக்கு 340 மீட்டர் வீதம் ஓடுவதால், அரை மீட்டர்க் குழாயைக் கடக்க ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு போதும். கிண்ணம் நிரம்பவோ வடியவோ ஆகும் நேரம்தான் அதிகம். குழாயின் விட்டத்தை மனம்போன போக்கில் மாற்றக்கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

எழுபது குழாய்கள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு வருவோம். புகையின் விசையால் சுழன்று காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் டர்போவுக்கு 1905இலேயே சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி காப்புரிமை வாங்கிவிட்டார். அதன் நிரந்தரச் சிக்கல் அளவுதான். சிறிய டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்ளும், ஆனால் மேல்வேகத்தில் மூச்சுத் திணறும். பெரிய டர்போ மேலே கொழிக்கும், கீழே தூங்கும். இரண்டு டர்போக்களை வைத்து, முதலில் ஒன்றையும் பிறகு இரண்டையும் ஓட்டலாம் என்பது ஒரு தீர்வு. போர்ஷே 959 காரில் அது ஏற்கெனவே வந்திருந்தது. 1990இல் மாஸ்டா தன் யூனோஸ் காஸ்மோவிலும், அதையடுத்து ஆர்எக்ஸ்-7இன் 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சினிலும் அதைச் செய்தது. 1308 சி.சி. மட்டுமே உள்ள எஞ்சின், தொடக்கத்தில் 255 குதிரைத்திறன்.

நிமிடத்துக்கு 4500 சுற்று வரை முதல் டர்போ மட்டும் உழைத்து, வளிமண்டலத்துக்கு மேல் சுமார் 0.7 பார் அழுத்தத்தில் காற்றைத் திணிக்கிறது. 4500ஐ நெருங்கும்போது இரண்டாவது டர்போவுக்குக் கொஞ்சம் புகையைக் காட்டி அதை முன்கூட்டியே சுழலவிட வேண்டும். இல்லாவிட்டால் வாகனம் ஒரு கணம் தள்ளாடும். அப்படிச் சுழலும்போது அது அமுக்கும் காற்றுக்கு இன்னும் எஞ்சினுக்குள் போக அனுமதி கிடையாது, எனவே அதைத் திருப்பிவிட ஒரு வால்வு வேண்டும். வேளை வந்ததும் அந்த வால்வு மூட வேண்டும், இரண்டாவது டர்போவுக்கான புகைவழி முழுக்கத் திறக்க வேண்டும், அதன் காற்றை எஞ்சினோடு சேர்க்கும் கதவும் திறக்க வேண்டும். ஒன்று முந்தினால் காற்று பின்னோக்கிப் பாயும்; ஒன்று பிந்தினால் விசை விழும். எல்லாம் ஒழுங்காக இருக்கும் காரில்கூட இந்தக் கைமாற்றத்தின்போது அழுத்தம் 0.7இலிருந்து 0.55 பாருக்குச் சற்றே இறங்கி மறுபடி ஏறும். ஒரு குழாயில் கசிவு இருந்தால் பாதிக்குக் கீழே விழும், அல்லது ஏறவே ஏறாது. நான்கு கதவுகள், அவற்றை ஆட்டும் ஆக்சுவேட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் சோலினாய்டு, ஒவ்வொரு சோலினாய்டுக்கும் உள்ளே, வெளியே, காற்றுக்கு என்று வாய்கள். கூட்டிப் பார்த்தால் எலிக்கூடு தயார்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அந்த இரண்டு சிறு கலன்கள். புகைவழியைத் திறக்கும் டர்போ கண்ட்ரோல் ஆக்சுவேட்டருக்கு இரண்டு வாய் உண்டு. ஒரு பக்கம் அழுத்தம் தள்ளும். மறுபக்கம் வேக்குவம் காத்திருக்கும். யோசித்துப் பாருங்கள்: ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதுதான் இந்தக் கதவு அசைய வேண்டும். ஆனால் அப்போது த்ராட்டில் அகலத் திறந்திருக்கும், மேனிஃபோல்டுக்குள் டர்போவின் அழுத்தம் நிரம்பியிருக்கும், வேக்குவம் மருந்துக்கும் இராது. அதனால் மாஸ்டாவின் பொறியாளர்கள் காற்றை நினைவில் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். கார் மெதுவாகப் போகும் நேரத்தில் உண்டாகும் வேக்குவம் ஒருவழி வால்வு வழியே ஒரு கலனில் சேர்ந்து அடைபடும். அதேபோல அழுத்தமும் இன்னொரு வால்வு வழியே மற்றொரு கலனில் சேமிக்கப்படும். மேனிஃபோல்டில் என்ன நடந்தாலும் கலன்கள் தங்கள் சேமிப்பை விடாது. விரல் நுனியளவு பிளாஸ்டிக் வால்வு ஒன்று சூட்டில் உருகி இருபுறமும் காற்றை விட ஆரம்பித்தால், சேமிப்பு ஒரு நொடியில் காலி. கணிப்பொறி சரியாகத்தான் கட்டளையிடும். நிறைவேற்ற அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

டர்போவோடு சம்பந்தப்படாத இரண்டு குழாய்களைத் தனியே சொல்லவேண்டும், ஏனென்றால் எஞ்சினைக் கொல்லக்கூடியவை அவை. முந்தைய தலைமுறை ஆர்எக்ஸ்-7இல் உள்ளே போகும் காற்றை அளக்கும் கருவி இருந்தது. மூன்றாம் தலைமுறையில் அது இல்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தை ஒரு சென்சார் சொல்லும். அதோடு எஞ்சின் வேகத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் கணிப்பொறி காற்றின் அளவைக் கணக்கிட்டு அதற்கேற்ற பெட்ரோலைத் தெளிக்கும். அந்த சென்சாருக்குப் போகும் ஒற்றைக் குழாயில் கீறல் விழுந்தால் என்ன ஆகும்? வண்டி நின்றபடி ஓடும்போது வெளிக்காற்று உள்ளே நுழையும். சென்சார் உண்மையைவிடக் கூடுதலான அழுத்தத்தைச் சொல்லும். பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை வரும். அது தொல்லை, அவ்வளவுதான். டர்போ முழுவீச்சில் இருக்கும்போதோ காற்று வெளியே கசியும், சென்சார் குறைத்துச் சொல்லும், பெட்ரோல் போதாது. போதாத பெட்ரோலோடு அமுக்கப்பட்ட கலவை நேரம் தவறி வெடிக்கும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் காற்றைப் பிடித்து நிறுத்தும் ஏபெக்ஸ் சீல் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புப் பட்டை. அந்த வெடிப்பில் அது நொறுங்கும். நொறுங்கிய துண்டு வெளியேறும் வழியில் டர்போவின் சக்கரத்தையும் பதம் பார்த்துவிட்டுப் போகும்.

இரண்டாவது, எரிபொருள் அழுத்தச் சீராக்கிக்குப் போகும் குழாய். இன்ஜெக்டர் தெளிக்கும் அளவு, அதன் பின்னாலுள்ள பெட்ரோல் அழுத்தத்துக்கும் முன்னாலுள்ள காற்றழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பொறுத்தது. டர்போ 0.7 பார் ஏற்றினால் பெட்ரோல் அழுத்தமும் 0.7 பார் ஏற வேண்டும். காற்றழுத்தத்தின் செய்தியைச் சீராக்கிக்குக் கொண்டுபோகும் அந்தக் குழாய் ஒழுகினால் பெட்ரோல் குறையும், முடிவு முன்னது போலத்தான்.

ரப்பர் ஏன் கல்லாகிறது? நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஆங்காங்கே குறுக்கே முடிச்சிட்டுக் கிடப்பதால்தான் ரப்பர் ரப்பராக இருக்கிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிக் கண்டுபிடித்தது இந்த முடிச்சுப் போடும் வித்தையைத்தான். ஆனால் எஞ்சின் அறையின் சூடும் ஆக்சிஜனும் ஆண்டுக்கணக்கில் அந்த வேலையைத் தொடர்கின்றன. வேண்டாத முடிச்சுகள் கூடுகின்றன, நெகிழ்வு குறைகிறது, மென்மை தரும் எண்ணெய்கள் ஆவியாகின்றன. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலாரின் தோராயக் கணக்கு. இரண்டு டர்போக்களின் பக்கத்தில், மேனிஃபோல்டின் அடியில், காற்றோட்டமே இல்லாத மூலையில் கிடக்கும் குழாய்க்கு எத்தனை பத்துகள் கூடுதல் என்று நீங்களே கணக்கிடலாம். ஓடாத காரிலும் ரப்பர் தளரும்: நிப்பிள் எனும் சிறு முனையின் மேல் இழுத்து மாட்டிய குழாயின் சங்கிலிகள் அந்த இழுவிசைக்கு மெல்ல இடம் கொடுத்து நகர்ந்துவிடுவதால் பிடிப்பு போய்விடும். வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும், ஊதிப் பார்த்தால் ஒழுகும். ஷெட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்த, குறைவாக ஓடிய கார் என்று விளம்பரம் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாற்றாகப் பெரும்பாலோர் வாங்குவது சிலிக்கோன் குழாய். இதன் முதுகெலும்பில் கார்பனுக்குப் பதில் சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி நிற்கின்றன. அந்தப் பிணைப்பை உடைக்க, கார்பன் பிணைப்பை உடைப்பதைவிட அதிக ஆற்றல் வேண்டும். ஓசோன் கடிப்பதற்கு அதில் இரட்டைப் பிணைப்பும் இல்லை. 200 டிகிரி வரை சலிக்காமல் தாங்கும். நிலவில் கால்வைத்த விண்வெளி வீரர்களின் காலணி அடிப்பாகமும் சிலிக்கோன் ரப்பர்தான். நீலம், சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களில் விற்கிறார்கள். அழகுக்கு வேண்டியதில்லை, ஆனால் வேக்குவத்துக்கு ஒரு நிறம், அழுத்தத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்து வாங்கினால் பின்னால் கோளாறு தேடும்போது கை கொடுக்கும். சிலிக்கோனின் பலவீனம் எண்ணெயும் பெட்ரோலும். அவற்றின் ஆவி பட்டால் ஊறி உப்பிவிடும். பெட்ரோல் ஆவியை இழுக்கும் குழாய்களுக்கும், எண்ணெய்ப் புகை வரும் குழாய்களுக்கும் ஃபுளூரின் கலந்த ரப்பர், கடையில் வைட்டான் என்ற பெயரில் கிடைப்பது, அதுவே சரி. எல்லா இடத்துக்கும் ஒரே குழாய் என்று சுருட்டி விற்கும் பொட்டலத்தை நான் நம்பமாட்டேன். சிலிக்கோன் எளிதில் கிழியவும் செய்யும், எனவே கூர்மையான உலோக விளிம்பில் உரசும்படி விடக்கூடாது.

இனி வேலை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் முனை கழன்றிருக்க வேண்டும், எரிபொருள் அழுத்தத்தை வெளியேற்றியிருக்க வேண்டும். காற்றுக் குழாய்கள், த்ராட்டில் கேபிள், த்ராட்டிலுக்குப் போகும் கூலன்ட் குழாய்கள், பிறகு மேல் மேனிஃபோல்ட். கழற்றியதும் செய்யவேண்டிய முதல் காரியம், கீழே தெரியும் காற்று வழிகளை டேப்பால் அடைப்பது. அதற்குள் விழும் ஒரு நட்டு, ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவே சிக்கினால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டும். மின் இணைப்பிகளின் பிளாஸ்டிக்கும் குழாய்களின் வயதுதான், தாழ்ப்பாளை மெல்ல அழுத்தித்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற கார் என்றால் பானெட்டுக்கு அடியில் குழாய்ப் பாதையின் படம் ஒட்டியிருக்கும். மாசுக்கட்டுப்பாட்டு விதி அது. ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. உங்கள் காரில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் கை வைத்தார்களோ! தொழிற்சாலையின் பழுதுபார்ப்புக் கையேட்டிலுள்ள படத்தோடு ஒப்பிட்டு, முதலில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சமயத்தில் எல்லாக் குழாயையும் பிடுங்கி மேசையில் குவிக்க ஆசை வரும். கூடாது. ஒன்றைக் கழற்று, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டு, மாட்டு, பிறகு அடுத்தது. கழற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. இறுகிய குழாயை நோஸ் பிளையரால் பிடித்து இழுத்தால், சோலினாய்டின் பிளாஸ்டிக் நிப்பிள் குழாயோடு ஒடிந்து வரும். அந்த சோலினாய்டைத் தேடி அலைவதில் மாதம் போய்விடும். பிளேடால் குழாயை நீளவாக்கில் மெல்லக் கீறி, வாழைத்தோல் உரிப்பதுபோல் உரித்தெடுக்க வேண்டும். பிளேடின் நுனி நிப்பிளைத் தொடக்கூடாது, தொட்ட கோடே பிறகு கசிவுப் பாதையாகும்.

பழைய குழாய்களை எறிவதற்கு முன் ஒவ்வொன்றையும் விரலால் நசுக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டில் உள்ளே கடினமாக ஏதோ தட்டுப்படும். நுண்ணிய துளையிட்ட உலோகத் துண்டு, மாத்திரை என்றுதான் சொல்கிறார்கள். வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் வழியிலும், இரண்டாவது டர்போவை முன்கூட்டிச் சுழற்றும் ஆக்சுவேட்டருக்குப் போகும் வழியிலும் இது இருக்கும். இதன் வேலையைப் புரிந்துகொள்வது மொத்த அமைப்பையும் புரிந்துகொள்வதற்குச் சமம். டர்போவின் அழுத்தம் வரம்பைத் தொட்டதும், அதே அழுத்தம் வேஸ்ட்கேட் டயாஃப்ரத்தைத் தள்ளி, புகையின் ஒரு பகுதியை டர்போவுக்குக் காட்டாமல் திருப்பிவிடும். கணிப்பொறிக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தம் வேண்டுமென்றால், டயாஃப்ரத்துக்கு வரும் காற்றில் ஒரு பங்கை சோலினாய்டு வழியே ஒழுகவிடும். மாத்திரையின் சிறுதுளை காற்று வரும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதால்தான் அந்த ஒழுக்கு எடுபடுகிறது. மின்சுற்றில் இரண்டு தடைகளுக்கு நடுவே மின்னழுத்தத்தைப் பிரிப்பதும் இதே கணக்கில்தான். மாத்திரை தொலைந்தால், ஒழுகுவதைவிட வேகமாகக் காற்று வந்து நிரம்பி, வேஸ்ட்கேட் சீக்கிரமே திறந்து கார் சோம்பலாகும். மாத்திரையின் துளையில் அழுக்கு அடைத்தால் நேர்மாறு: டயாஃப்ரத்துக்குச் செய்தியே போகாது, அழுத்தம் வரம்பு மீறும். எனவே அதைப் பழைய குழாயிலிருந்து எடுத்து, ஊதிச் சுத்தம் செய்து, புதியதில் அதே இடத்தில் வைக்க வேண்டும்.

ஒருவழி வால்வுகளைச் சோதிக்க வாய் போதும். ஒரு பக்கம் ஊதினால் போக வேண்டும், மறுபக்கம் போகக்கூடாது. கொஞ்சமாகப் போனாலும் குப்பைத்தொட்டிதான், தயக்கம் வேண்டாம். மாட்டும்போது திசை மாறாமல் கவனியுங்கள். சோலினாய்டுகளுக்கு 12 வோல்ட் கொடுத்தால் கிளிக் என்று கேட்க வேண்டும், காற்று வழி மாற வேண்டும். கேட்கிறது, வழி மாறவில்லை என்பதும் நடக்கும். உள்ளே கரி அடைத்திருக்கலாம். மேனிஃபோல்ட் கழன்றிருக்கும் இந்த நேரத்தில் எரிபொருள் ரப்பர் குழாய்களையும், பெட்ரோல் துடிப்பைத் தணிக்கும் பல்சேஷன் டாம்பரையும் பார்த்துவிடுவது நல்லது. இந்தத் தலைமுறை ஆர்எக்ஸ்-7களில் எஞ்சின் அறைத் தீ என்றால் முதலில் பேச்சில் அடிபடும் பெயர் அந்த டாம்பர்தான். கேஸ்கெட்டைப் பழையதையே போட்டு மூடுவது, மிச்சம் பிடிக்கும் இடமல்ல.

இத்தனையும் எதற்கு, அந்த இரட்டை டர்போவைத் தூக்கிவிட்டு ஒரு பெரிய டர்போ வைத்தால் பாதிக் குழாய் மிச்சமாகுமே என்று சொல்வோர் உண்டு. சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. பந்தயத்துக்கு மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது பொருந்தும். சாலையில் ஓட்டுகிறவருக்கு, 2000 சுற்றிலேயே தள்ளத் தொடங்கும் அந்த முதல் டர்போவின் சுகம் போய்விடும். ஒழுகும் குழாயின் குற்றத்துக்கு நல்ல அமைப்பைத் தூக்கில் போடுவதாகவே எனக்குப் படுகிறது.

கசிவு எவ்வளவு சிறியதாக இருந்தால் மன்னிக்கலாம்? ஒரு கணக்கு. எஞ்சின் நின்றபடி ஓடும்போது மேனிஃபோல்டோடு நேரே இணைந்த குழாயில் 1 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால், உள்ளழுத்தம் வெளியில் உள்ளதில் பாதிக்கும் கீழே என்பதால், ஓட்டைக்குள் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அப்படிப் பாயும் காற்றின் ஒலிதான் நாம் கேட்கும் சீறல். அதன் வழியே நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்று நுழையும். எஞ்சின் அதைச் சமாளித்துவிடும், சுற்று கொஞ்சம் ஏறும். ஆனால் ஆக்சுவேட்டருக்குப் போகும் குழாயில் அதே ஓட்டை இருந்தால், சின்னக் கலனின் சேமிப்பு சில நொடிகளில் தீர்ந்துவிடும். ஓட்டையின் அளவைவிட அது எந்தக் குழாயில் என்பதுதான் பெரிது.

மேனிஃபோல்டை மூடுவதற்கு முன் ஒவ்வொரு ஆக்சுவேட்டர் வழியிலும் கையால் இயக்கும் வேக்குவம் பம்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். முள் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அழுத்தத்தில் வேலை செய்யும் வழிகளுக்கு வேக்குவம் போதாது, மிதமான அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். எல்லாம் பூட்டியபிறகு புகைச் சோதனை செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. எரியக்கூடிய கார்புரேட்டர் கிளீனரைச் சூடான எஞ்சின் மேல் பீய்ச்சிக் கசிவு தேடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. டர்போ எஞ்சினில் அதைச் செய்யாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு, டர்போவின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜ் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது கியரில் 4500 சுற்றுவரை மெல்ல ஏற்றி, முள் 0.7 பாரில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அடுத்த முறை 4500ஐத் தாண்டி, கைமாற்றத்தில் எவ்வளவு இறங்கி எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்கியது ஏறாவிட்டால் கலன்களின் ஒருவழி வால்வுகளுக்குத் திரும்புங்கள். 0.7ஐத் தாண்டி முள் ஏறிக்கொண்டே போனால் அந்த நொடியே காலை எடுத்து, ஓரமாக நிறுத்தி, வேஸ்ட்கேட்டுக்குப் போகும் குழாய் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யும் வரை வண்டியை மெதுவாகக்கூட ஓட்டி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.